நான்காவது ரிசீவர்

பால் விடாத இந்தத் தே ஓ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தியாகராஜா. வயது ஐம்பத்தெட்டு. வீடு பாயான் பாருவில். இருபத்திரண்டு ஆண்டுகளாக அலுவலகத் தொலைபேசிகளைப் பழுதுபார்க்கிறேன்.

ரிசீவர் என்றதும் காதில் வைக்கும் குழாயை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது இணைப்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன அட்டை. ஒவ்வோர் எண்ணை அமுக்கும்போதும் ஒரு சத்தம் போகும். அதைக் கேட்டு இன்ன எண் என்று புரிந்துகொள்வது அதுதான். அந்தச் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் நாற்பது தொலைபேசிக்கு நான்கே ரிசீவர். யார் எடுத்தாலும் காலியாக இருப்பதில் ஒன்று கிடைக்கும். நான்காவது செவிடு. அது வாய்த்தவர் எத்தனை முறை அமுக்கினாலும் 'ஊங்' என்ற டயல் சத்தம் நிற்காது, அழைப்பும் போகாது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தால் வேறொன்று கிடைத்துப் போய்விடும்.

வினை அங்கேதான். மேலாளர் சிவநேசன் சோதித்தபோதெல்லாம் நல்லதே கிடைத்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டையை மாற்ற முடியும். ஒன்பது முறை படிவத்தை நீட்டினேன். ஒன்பது முறையும் 'கோளாறு இல்லை' என்று எழுதினார். கடைசி முறை எல்லாரும் பார்க்கத்தான் சொன்னார்.

"அண்ணே, நான் அமுக்குனா போவுதுலா. நீங்க வந்தாத்தான் கோளாறும் கூடவே வருது. பேக்குல போட்டுக் கொண்டாறீங்களா?"

சிரித்தார்கள். வரவேற்பு மேசை ரூபினிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. அடுத்த வாரமே, தேவையற்ற புகார்கள் காரணமாக என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று கடிதம் வந்தது. அதை வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்புவார். பட்டால்தான் தெரியும் என்பார்களே, அவருக்கும் ஒரு தடவை பட வேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் வெளியே சாப்பிடப் போய்விடுவார்கள். ரூபினி மட்டும் மேசையிலேயே சாப்பிடுவாள். சிவநேசன் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போவார். அங்கே கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. சுவரில் ஒரு தொலைபேசி உண்டு. தூசியில் அவருக்கு இழுப்பு வந்தால் மேலே அழைப்பார், ரூபினி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடுவாள். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் இன்ஹேலர் அவர் மேசையில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இணைப்புப் பெட்டி இருக்கும் என் அறைக்குப் போனேன்.

ஒரே ஒரு ரிசீவரைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மூன்று தொலைபேசிகளை எடுத்து மேசையில் கிடத்தினால், நல்ல ரிசீவர் மூன்றும் அவற்றில் சிக்கிக்கொள்ளும். அடுத்து எடுப்பவருக்குச் செவிடுதான். கையேட்டில் உள்ள முறை, நான் கண்டுபிடித்ததல்ல. ஒரு தொந்தரவு, எண் அமுக்காமல் விட்டால் பதினைந்து விநாடியில் பெட்டி அவற்றை விடுவித்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக வைத்து, எடுத்து, வைத்து, எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓயாத வேலை. அன்றைக்கு நான் செய்தது அதைத்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கீழ்த்தள லைனின் விளக்கு எரிந்தது. சோதனைக் குழாயை அந்த லைனில் மாட்டிக் காதில் வைத்தேன். ஊங். அமுக்கும் சத்தம். மறுபடி ஊங். வைத்தார், எடுத்தார். மூன்றாவது முறையிலேயே எனக்கு வேண்டிய நிரூபணம் கிடைத்துவிட்டது. ஆனால் சோதனை என்று இறங்கினால் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை.

லைன் இரைச்சலுக்கும் மூச்சு இரைப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். தெரியும். ஏழாவது முறை அவர் எண்ணை அமுக்காமல் பேசினார்.

"ரூபினி... கேக்குதாம்மா?"

கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். எனக்கும் அவருக்கும் நடுவே பதினான்கு படிகள். ரூபினியின் மேசை என் கதவுக்கு வெளியே. புது அட்டை இரண்டு வாரமாக என் பையில் இருந்தது. கையெழுத்தில்லாமல் மாட்டக்கூடாது என்பது விதி.

பதினொன்றாவது முறை எடுத்தவர் பிறகு வைக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நானும் மூன்று தொலைபேசிகளையும் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக்கு ரூபினி அவரைத் தேடிக் கீழே போனாள். அவள் அலறியது படி வழியாகவும் கேட்டது, குழாய் வழியாகவும் கேட்டது.

அந்தப் படிவம்தானே உங்கள் கையில் இருப்பது? நேரம், முயற்சிகள் பதினொன்று, முடிவு: கோளாறு உறுதி. எல்லாம் நான் அன்றே எழுதியது. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கீழே அவருக்கான கட்டம் மட்டும் காலி. மேலே வந்திருந்தால் போட்டிருப்பார், இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை கட்டாயம் கையெழுத்துப் போட்டிருப்பார்.