மூன்றாவது டேப்

கணினி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு முழங்கால் வலி வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வயர்களெல்லாம் அலமாரிக்குப் பின்னால் தரையோடு கிடக்கும். பாதிப் பொழுது மண்டியிட்டே போய்விடும். அதனால் உங்கள் விசாரணைக்கு உட்கார்ந்துகொண்டே பதில் சொல்கிறேன், ஐயா.

என் பெயர் ஃபாக்சன் கம்வெண்டோ. சிறைத்துறைத் தலைமை அலுவலகத்தில் சர்வர் என் பொறுப்பு. யார் உள்ளே இருக்கிறார், யாருக்கு விடுதலை ஆகிவிட்டது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அதன் டிஸ்க்குகள் செத்துப்போயின. நான் பதறவில்லை. எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்த பேக்கப் டேப்புகள் இருந்தன.

முதல் இரண்டு டேப்பும் ஒழுங்காக ஓடின. மூன்றாவதில் நின்றுவிட்டது. வெளியே எடுத்து மறுபடி போட்டேன், வயரை மாற்றினேன், முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் அதே பிழை. அடுத்தடுத்த டேப்புகளில் குறையில்லை. விடுதலை உத்தரவுகள் இருந்ததோ அந்த மூன்றாவதில்தான்.

இயக்குநர் திருமதி ந்யசுலு வாசலில் வந்து நின்றார். "ஃபாக்சன், அமைச்சர் ஆபீஸ்ல இருந்து திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. நீ டேப்ப சோதிச்சுப் பாத்துதான வச்சிருப்ப?"

"பாத்துதான் வச்சிருக்கேன், மேடம்."

எழுதி வைத்ததோடு சரி, ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. ஆனால் அவ்வளவு கவலையோடு கேட்கிறவரிடம் வேறு என்ன சொல்வது?

அதற்கு முந்தைய ஆண்டின் டேப்புகள் கிடந்தன. அதிலிருந்து விடுதலை உத்தரவுகளை எடுத்து ஓட்டையை அடைத்தேன். தேதிகள் பொருந்தவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். அன்றைக்கு யாரும் தேதி பார்க்கவில்லை. சர்வர் ஓடியது. மேடம் எல்லோருக்கும் கோழியும் ந்சிமாக் களியும் வரவழைத்தார்.

அந்தப் பழைய டேப்புகளுக்குப் பிறகு விடுதலையானவர்கள் கணினிக் கணக்கில் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். கணக்கில் ஆள் உண்டு, கொட்டடியில் ஆள் இல்லை என்றால் தப்பியோடியவர் என்று பொருள். அவர்கள் பெயர்கள் போலீசுக்குத் தானாகவே போயின. நான் அனுப்பவில்லை.

அப்படி விடுதலையாகியிருந்த லைட்டன் பம்பாலாவைப் போலீசார் மீன் சந்தையில் பிடித்தார்கள். அவன் மனைவி எஸ்னார்ட், முதுகில் குழந்தையோடு, விடுதலைத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். மழையில் நனைந்து முத்திரை கலைந்திருந்தது.

"அண்ணே, அவரு ஓடல. பெரிய வாசல் வழியா நடந்து வந்தாரு. நான்தான் சட்டை கொண்டுபோய்க் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். ஓடிப்போனவரு தெனமும் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுக்கவா உக்காந்து மீன் விப்பாரு? அந்தப் போலீஸ்காரங்களே கடனுக்கு வாங்கித் தின்னுருக்காங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்பா காட்ட வாய்ப்பு இருக்கா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, மேடம். தாள யாரு வேணும்னாலும் அடிச்சுக்கலாம்."

எஸ்னார்ட் தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு நான் லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடும் வந்தேன். என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால் எதையாவது தோண்டிவிடுவார். ஜன்னலில்லாத அந்த அறையில் வெளியே மழையா வெயிலா என்பது தெரியாது. மூச்சு முட்டும். எழுந்து போக முடியாது.

லைட்டனுக்கும் கொட்டடியில் இடமில்லைதான். அங்கே ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். காலரா வந்தபோது அவன் செத்தான். அந்த இறப்பு சர்வரில் பிழையில்லாமல் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது டேப் எங்கே என்று கேட்டீர்கள். அது கெட்டுப்போகவில்லை, ஐயா. ஓட்டும் கருவியில்தான் தூசி. அந்த டேப் கொஞ்சம் தேய்ந்திருந்தது, தூசியைத் தாங்கவில்லை. எஸ்னார்ட் வந்துபோன வாரத்தில் கருவியைத் துடைத்தேன். டேப் கடைசிவரை ஓடியது. லைட்டன் பெயரும் நீதிபதியின் உத்தரவும் திரையில் வந்தன. அவன் அப்போது உயிரோடுதான் இருந்தான்.

நிதானமாக யோசித்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் எல்லோருக்கும் குழப்பம். ஆகவே டேப்பைக் காந்தப் பெட்டியில் வைத்து முழுவதும் அழித்துவிட்டேன். அந்தப் பெண்ணை நினைத்தும்தான் செய்தேன், ஐயா. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் வீணாக நம்பி அலையக்கூடாது, பாருங்கள்.