நாற்பத்திரண்டு புத்தகம் படித்த ராயப்பன்

ராயப்பன்: நாப்பத்திரெண்டு புத்தகமா? நானா?

சாவித்ரி: ஆமாண்ணே. 'பிள்ளையோடு வாசிப்போம்' பதிவேட்டுல இருக்கு. ஜூன்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு. இந்தக் கப்பலூர்ப் பக்கம் எந்த ஸ்கூல்லயும் ஒரு அப்பா இம்புட்டுப் படிச்சதில்ல.

ராயப்பன்: டீச்சர், நான் லோடு ஆட்டோ ஓட்டுறவன். சரக்கு பில்லத் தவிர ஒண்ணும் படிக்கலையே.

சாவித்ரி: மறந்திருப்பீங்க...

ராயப்பன்: நாப்பத்திரெண்டையுமா?

சாவித்ரி: சரிண்ணே... நானேதான் எழுதுனேன். பெற்றோர் கூட்டம்னா யாரு வாராங்க? போன ரெண்டு தடவையும் நானும் சத்துணவு அக்காவும் எதிரெதிரா உட்கார்ந்து கைதட்டிக்கிட்டோம். இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான். பதினோரு மணிக்கு ஆபீசர் வாராரு. ஒரு அப்பாவாச்சும் 'படிச்சேன்'னு வாயால சொல்லணும். இல்லேன்னா இதுக்குன்னு குடுத்த புத்தகப் பெட்டிய வேற ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

ராயப்பன்: அம்புட்டுத்தானே? சொல்லிருவோம்.

சாவித்ரி: என்னண்ணே... உடனே ஒத்துக்கிட்டீங்க?

ராயப்பன்: பெட்டி போகக்கூடாது டீச்சர். என் மக ஜெனிஷா மூணாங்கிளாஸ் வந்ததுல இருந்து வீட்டுல அந்தப் பெட்டிப் பேச்சுத்தேன். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சாமியார்ட்ட பாவம் சொல்லணுமே... இது ஒரு பொய்யா, நாப்பத்திரெண்டு பொய்யா?

சாவித்ரி: மொத்தமா ஒண்ணுன்னு சொல்லிருங்க. இப்ப நான்தான் ஆபீசர். ம்... கடைசியா என்ன கதை படிச்சீங்க?

ராயப்பன்: ஒரு யானைங்க சார். திருநகர் ஸ்டாப்புல பஸ் ஏறுது. கண்டக்டர் டிக்கெட்டக் குடுத்துட்டு, தும்பிக்கைக்குத் தனியா லக்கேஜ் போட்டுட்டாரு.

சாவித்ரி: அய்யய்யோ... அப்புறம்?

ராயப்பன்: யானை விடுமா? அப்ப அந்தத் தாத்தா மீசைக்கும் லக்கேஜ் போடுன்னு ஒரே சண்டை. பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சா சார்.

சாவித்ரி: பிரமாதம்ணே! இது எந்தப் புத்தகத்துல?

ராயப்பன்: அத நீங்கதேன் சொல்லணும். உள்ள என்னென்ன இருக்கு?

சாவித்ரி: வந்து... மிருகக் கதை... படம் போட்டது...

ராயப்பன்: பேரு?

சாவித்ரி: பேரு... அண்ணே, வெளிய சொல்லிராதீங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. பெட்டி பூட்டித்தான் வந்துச்சு. சாவி வரல. நாலு கடுதாசி போட்டேன், 'சாவி அனுப்பியாச்சு'ன்னே பதில் வருது. உடைக்கலாம்னா அரசாங்கப் பூட்டு. இன்னைக்கு ஆபீசர் திறக்கச் சொன்னா... அண்ணே, ஏன் எந்திரிக்கிறீங்க? நீங்களும் போனா நான் என்ன பண்ணுவேன்?

ராயப்பன்: எங்கயும் போகல டீச்சர், சட்டைப் பையத் துழாவுறேன். இந்தாங்க சாவி. ஜூன்ல பெட்டிய ஆட்டோல கொண்டாந்து எறக்குனது நாந்தேன். உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி சாவியையும் எங்கிட்டத்தேன் குடுத்தாக, பைக்குள்ள போட்டு மறந்துட்டேன். அப்புறம் திருட்டுப்பய பட்டம் கட்டிருவாகளோன்னு பயம். 'உள்ள என்னப்பா இருக்கு'ன்னு பிள்ளை கேக்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போவேன். இதக் குடுக்கத்தேன் கூட்டத்துக்கே வந்தேன். அழுகாம வெரசாத் திறங்க டீச்சர், ஆபீசர் வாரதுக்குள்ள நாப்பத்திரெண்டு புத்தகத்தையும் படிச்ச மாதிரி கசக்கியாகணும்!