ரெண்டாந்தரம் கேட்ட ஆவுடை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ரோடு வராத காலம். தாமிரபரணிக் கரையோரம் கருங்கோரை என்று ஒரு ஊர். ஊரைச் சுற்றிக் கோரை. வாய்க்காலோரம் கோரை, குளத்தடியில் கோரை. ஆம்பளைகள் அறுத்துவருவார்கள், பொம்பளைகள் பாய் நெய்வார்கள். பிறந்த பிள்ளையைக் கிடத்துவதும் அந்தப் பாயில்தான், கடைசியில் சுருட்டித் தூக்கிப்போவதும் அந்தப் பாயில்தான். அப்படி ஒரு ஊர்.

அந்த ஊரில் ஆவுடை, ஆவுடை என்று ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரு பழக்கம். எதையும் ரெண்டு தரம் பார்ப்பாள். பானையை ரெண்டு தரம் பார்ப்பாள், படியை ரெண்டு தரம் பார்ப்பாள். கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாளாம், திரும்பிக்கொண்டாளாம், மறுபடி பார்த்தாளாம். "அதே ஆளுதான்" என்று பெருமூச்சு விட்டாளாம். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

ஏன் இந்தப் பழக்கம் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. கனவில் அவள் பாய் நெய்யும்போது ஓரப்பட்டையைப் பார்த்தால் சிவப்பாக இருக்கும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் பச்சையாக இருக்கும். முழித்திருக்கும்போது எந்தப் பாயும் அப்படிச் செய்யாது. சிறுபிள்ளையாக இருக்கும்போதே இது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் கனவுக்குள்ளேயே நின்று சொன்னாளாம்: "ஏளா ஆவுடை, இது கனவுல்லா?"

அன்றையிலிருந்து கனவுக்குள் போனால் கனவு என்று தெரிந்தே போவாள். ஆற்றுமேல் நடப்பாள். ஒரு உருளி பாயசத்தையும் ஒற்றையாளாகக் குடிப்பாள். மாமியாரைக் குளத்தில் தள்ளிவிட்டு, பாவம் என்று அவளே கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். காலையில் மாமியார், "என்னட்டி, அடுப்பைப் பாத்துச் சிரிக்க?" என்பாளாம். "ஒண்ணுமில்ல அத்தை" என்பாளாம் இவள்.

இது அவளோடு கிடந்திருந்தால் கதையே இல்லை. ஊரில் வேறொரு வழக்கம் இருந்தது.

குளத்து மடையோரம் ஒரு கோயில். அங்கே இருப்பவள் மடைக்காரி அம்மன். அம்மன் யார் கனவிலாவது வந்து ஏதாவது சொன்னால், விடிந்ததும் கோயில் மணியை அடித்து, கூடியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேசக்கூடாது. யார் கனவிலும் வரலாம் என்றுதான் பேச்சு. ஆனால் பாருங்கள், வந்ததெல்லாம் ஊர்ப் பெரியவர் நயினார் கனவில்தான். ஒருதரம் கடைசித் தெரு கோமு, "அம்மன் வந்து எங்க தெருவுக்கும் ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னா" என்று மணியடித்தாள். "அது சூட்டுக் கனவு, நல்லெண்ணெய் தேச்சுக் குளி" என்று அனுப்பிவிட்டார்கள். நயினார் உடம்பில் மட்டும் சூடே கிடையாதுபோல. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்படி இருக்கையில், ஒருநாள் விடியற்காலம் மணி அடித்தது. ஊர் கூடியது. நயினார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்கலங்கச் சொன்னாராம்:

"மடைக்காரி வந்தா. தலைவிரி கோலமா வந்தா. 'அந்த வடிவு காலு படுத மடையில நான் இருக்க மாட்டேன். பொழுது சாயுததுக்குள்ள அவ ஊரைவிட்டுப் போவணும், அவ படுகை எனக்கு வேணும்'ன்னா."

வடிவு ஆவுடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனை ஆற்றுவெள்ளத்துக்குக் கொடுத்தவள். பிள்ளை இல்லை, பிறந்த வீடு இல்லை. மடையடியில் ஒரு கோரைப்படுகை, அது ஒன்றுதான் சோறு. ஊரிலேயே மெல்லிசான கோரை அங்கேதான் விளையும். அம்மன் நிலத்தையெல்லாம் பார்த்துக்கொள்வது யார்? நயினார். வடிவு படுகைக்கு அடுத்த படுகை யாருடையது? அதுவும் நயினாருடையதுதான். ஊருக்கு இது தெரியாதா, தெரியும். தெரிந்தும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

வடிவும் ஆவுடையும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். ஆவுடை கோரையைக் கோத்துக் கொடுப்பாள், வடிவு அச்சுக்கட்டையை இழுத்து அடித்து நெருக்குவாள். வடிவு வீட்டுக்குப் போய் ரெண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த மூட்டையை ஆவுடை பார்த்தாளாம். திரும்பிக்கொண்டாள், மறுபடி பார்த்தாள். மூட்டை மாறவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, நான் போயி மடைக்காரி அம்மைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"எங்கட்டி போயிக் கேப்பே?"

"நீரு எங்க பாத்தீரோ அங்கதான். எனக்கு அந்தத் தடம் நல்லாத் தெரியும். அங்க போனா கனவுன்னு தெரிஞ்சே நடப்பேன். எதுத்துப் பேசத்தானே கூடாது? கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

நயினார் சிரித்தார். ஊரும் சிரித்தது. வழக்கத்தில் கேட்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. "பொழுது சாயுதது வரைக்கும்தான்" என்றார் அவர்.

கோயில் முன்னால் ஒரு புங்கமரம். அதன் நிழலில் பாயை விரித்தாள். உச்சிவெயில் நேரம், ஊர் மொத்தமும் சுற்றி நிற்கிறது. படுத்தாள், கண்ணை மூடினாள்.

பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு பொம்பளை தூங்குவதற்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். உலக்கைச் சத்தம் நின்றது. தறிச் சத்தம் நின்றது. ஆட்டுக்குட்டி கத்தப்போனால் அதன் வாயில் புல்லைத் திணித்தார்கள். ஒருத்தருக்குத் தும்மல் வந்து, துண்டைக் கடித்துக்கொண்டு வாய்க்கால்வரை ஓடினாராம். நயினார் மட்டும் வேண்டுமென்றே இருமினார்.

"இருமாதேயும் அண்ணாச்சி" என்றாள் கோமு. "அவ அம்மைகிட்டப் பேசிக்கிட்டிருக்கா."

ஆவுடைக்குக் கண் சொருகியது. பாயின் ஓரத்தைப் பார்த்தாள், சிவப்பு. கண்ணை எடுத்தாள், மறுபடி பார்த்தாள், பச்சை. வந்துவிட்டோம் என்று எழுந்து நடந்தாள்.

மடைக்காரி மடைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தாளாம். தலைவிரி கோலமெல்லாம் இல்லை, கொண்டை போட்டிருந்தாள்.

"அம்மா, வடிவைப் போவச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்லுதேன்? இல்ல" என்றாள் அம்மன்.

ஆவுடைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். ஆனால் அவள்தான் எதையும் ரெண்டு தரம் பார்க்கிறவள் ஆயிற்றே, கால் நகரவில்லை. மறுபடி கேட்டாள். கேட்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பயம், சொல்லியிருப்பாளோ என்று.

"ஆமா, சொன்னேன்" என்றாள் அம்மன். குரல்கூட நயினார் குரலாக இருந்தது.

ஆவுடை சோதித்துப் பார்த்தாள். சிரிக்கட்டும் என்று நினைத்தாள், அம்மன் சிரித்தாள். அழட்டும் என்று நினைத்தாள், அழுதாள். அட, இங்கே நாக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் என் நாக்கு என்று அவளுக்கு விளங்கியது. முழித்துக்கொண்டாள்.

சுற்றிலும் முகம். நடுவில் மூட்டையோடு வடிவு.

"இல்லைன்னு சொல்லிட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வடிவு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். பொய்கூட இல்லை. அம்மன் அப்படியும்தான் சொன்னாள். வார்த்தை நுனிநாக்கில் நிற்கிறது. ஆனால் நாளைக்கு நயினார் வேறு ஒரு கனவோடு வருவார். இவளும் வேறு ஒரு கனவோடு ஓடிவர வேண்டும். இவள் செத்தபிறகு யார் வருவார்கள்? இதையெல்லாம் நினைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னாளாம்.

"இல்லைன்னும் சொன்னா, ஆமான்னும் சொன்னா. நான் ஆசைப்பட்டுக் கேட்டா ஆசைக்குச் சொன்னா, பயந்து கேட்டா பயத்துக்குச் சொன்னா."

வடிவு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஒரு வாட்டி கேட்டதோட நிறுத்திருக்கலாமே?"

நயினார் துண்டை உதறித் தோளில் போட்டார். "கேட்டீயளா? அவ வாயாலேயே சொல்லுதா, ஆமான்னாளாம்!"

"ஆமான்னாதான்" என்றாள் ஆவுடை. "நீரு எத்தனை தரம் கேட்டீரு அண்ணாச்சி?"

"அம்மன் சொன்னா மறுபடி கேக்கதா? ஒரே தரம்தான்."

ஆவுடை எழுந்து பாயை உதறி விரித்தாள். "அப்போ நீரு இதுல படும். ரெண்டாந்தரம் கேட்டுட்டு வாரும். வடிவு இங்கேயே இருக்கட்டும்னு மனசார நெனைச்சுக் கேளும். அப்பவும் அவளைப் போவச் சொன்னா வடிவு போவா. அவ கூட நானும் போறேன். ஊரு சத்தம் போடாது. எனக்குப் போடாத சத்தம் உமக்கு மட்டும் போடுமா?"

எல்லாரும் நயினாரைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? படுத்தார். கண்ணை இறுக்கி மூடினார்.

மறுபடி ஊர் மூச்சைப் பிடித்தது. புங்கமர நிழல் மெல்ல நகர்ந்தது. நயினார் புரண்டார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். இமை துடிக்கிறது. அவர் சம்சாரம் ஆறுமுகத்தாய், கூட்டத்தில் ஒருநாளும் பேசாத பொம்பளை, சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாளாம்:

"இது தூக்கம் இல்ல. தூங்கினா அவியளுக்கு வாய் தொறந்திருக்கும்."

சத்தம் போடக்கூடாதென்று எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆவுடை மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயப்போகும் நேரம் நயினார் எழுந்து உட்கார்ந்தார். வேர்த்திருந்தது.

"தூக்கம் வரலை" என்றார். பிறகு ஆவுடையிடம் சொன்னார்: "பயமா இருக்கு தாயி. கேட்டா அவ வேற மாதிரிச் சொல்லிருவாளோன்னு இருக்கு. ஆனா கனவு வந்தது நெசம். சத்தியமா வந்தா."

"வந்தது நெசம்தான் அண்ணாச்சி, நான் இல்லைங்கல" என்றாள் ஆவுடை. "பேசினது யாருங்கதுதான் கேள்வி."

நயினார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வடிவைப் பார்த்து, "மூட்டையை வீட்டுல வையி" என்றாராம். அவ்வளவுதான். வடிவு வைத்தாள். மறுநாள் காலையில் ரெண்டு பேரும் அதே தறியில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் மடைக்காரி ஆவுடை கனவுக்கு வந்துகொண்டுதான் இருந்தாளாம். இவள் ஒன்றும் கேட்பதில்லை, அவளும் ஒன்றும் சொல்வதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து கோரை அறுத்துவிட்டு, மடையில் கால் கழுவிவிட்டுப் பிரிவார்களாம். அதுதான் இருப்பதிலேயே நல்ல கனவு என்று ஆவுடை கிழவியான பிறகும் சொல்லுவாளாம்.

இன்றைக்கும் கருங்கோரையில் மடைக்காரி கோயில் உத்தரத்தில் ஒரு பாய் தொங்கும். ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் பச்சை. அதற்குப் பெயரே ஆவுடைப் பாய். பழசானால் வடிவு படுகையில் அறுத்த கோரையில் புதுசு நெய்து மாட்டுகிறார்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து, "என் கனவுல அம்மன் வந்து" என்று ஆரம்பித்தால், ஒருத்தரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பாயை இறக்கிப் புங்கமரத்தடியில் விரித்துவிட்டு, "படும், ரெண்டாந்தரம் கேட்டுட்டு வாரும்" என்பார்கள். உலக்கையை நிறுத்திவிடுவார்கள், ஆட்டைத் தூரக் கட்டிவிடுவார்கள்.

படுத்தவர்களில் சிலர் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். யாரையும் ஊரைவிட்டு அனுப்பச் சொல்லி ஒருத்தரும் அந்தப் பாயிலிருந்து எழுந்ததில்லையாம். என் காதில் விழுந்தது இவ்வளவு. சந்தேகம் இருந்தால் இன்னொரு தரம் கேளுங்கள், சொல்கிறேன்.