யமுனா மலைக்குத் திரும்பிய விதம்

தினையை வறுக்கும்போது அடுப்பு மட்டாக எரியவேண்டும். கொஞ்சம் கருகினாலும் மாவு கசந்துவிடும். அந்த மாவில் தேன் ஊற்றிப் பிடித்த உருண்டை என்றால் என் தங்கை யமுனாவுக்கு உயிர். நீங்கள் ஊக்கமருந்து விசாரணைக்கு வந்திருப்பவர், அந்த உருண்டையைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். நிதானமாகவே சொல்கிறேன்.

அம்மா போனபோது யமுனா தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா முன்பே இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய் அவளை வளர்த்தேன். புறப்பட்ட பஸ்ஸை ஓடிப் பிடிக்கிற பிள்ளை என்று எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில் அவளுக்குப் பெயர். பிறகு நாமக்கல்லில் ஓடினாள், சென்னையில் ஓடினாள், கடைசியில் இந்தியாவுக்காக ஆசியப் போட்டியில் இருநூறு மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினாள். ஜீப்பில் மாலையோடு மலையேறி வந்தாள். மேளம் அடித்தார்கள். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அந்த முறை வீட்டில் இருந்த நாட்களில் அவள் பையைப் பிரிக்கவே இல்லை. துண்டு வேண்டுமென்றால் எடுப்பாள், உடனே ஜிப்பை மூடிவிடுவாள். விருந்தாளிகள் அப்படித்தான் இருப்பார்கள்.

அப்போதுதான் அலமாரியில் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் காசநோயில் இளைத்துக் கிடந்தபோது உடம்பு தேறுவதற்காக வாங்கியது. அவர் போய்விட்டார், மாத்திரை மிஞ்சிவிட்டது.

"அக்கா, இதத் தூக்கிப் போட்ருங்க. இதுல ஒன்னு என் வயித்துக்குள்ள போனாலும் என் ஓட்டம் முடிஞ்சுதுங்க."

"ஏஞ்சாமி, வெசமா?"

"வெசமில்லீங்கக்கா. ஊக்கமருந்து. சோதிச்சாங்கன்னா தெரிஞ்சிரும். அதனாலதான் வெளிய யாரு எதக் குடுத்தாலும் தொடறதில்ல. நீங்க கொண்டார்றத மட்டுந்தான் பயமில்லாமத் திங்கறேன்."

நான் தூக்கிப் போடவில்லை.

அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தொடைச் சதை கிழிந்து, ஐஸ் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்தவள் நான். அவளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அடுத்த முறை பெங்களூரு பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோன உருண்டையில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். கசப்புத் தெரியாமலிருக்கத் தேன் கொஞ்சம் கூடுதல். என் எதிரிலேயே தின்றாள். விரலையும் நக்கினாள்.

சோதனையில் தெரிந்து நான்கு ஆண்டுத் தடை போட்டார்கள். முகாமில் அவளுக்கு உடம்பு பிடித்துவிட்ட குழந்தைசாமி என்பவர் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் பெயரைச் சொல்லச் சொன்னது நான்தான். யாரையாவது குற்றம் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு மனம் ஆறாதில்லையா. அவருக்கு வேலை போயிற்று.

யமுனா வீட்டுக்கு வந்தாள். மிளகு பறித்தோம். ஒரே பாயில் படுத்தோம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுவாள், நான் தலையைக் கோதிவிடுவேன். அதைப்போல நல்ல காலம் எங்களுக்கு இருந்ததில்லை.

தடை முடியும் சமயத்தில் அவள் மறுபடியும் ஓட ஆரம்பித்தாள். விடிந்ததும் ரோட்டில் போய் ஓடிவிட்டு, வேர்த்து வடியச் சிரித்துக்கொண்டே வருவாள். இத்தனை வருடமாக அவள் சிரிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த மாத்திரை இன்னமும் கிடைக்கிறது. இந்த முறை குழம்பில் கலந்தேன்.

சோதிக்கிறவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். முடிவு போனில் வந்தது. இரண்டாவது முறை என்பதால் இனி ஆயுளுக்கும் ஓடக்கூடாது. இந்த முறை முகாம் இல்லை, குழந்தைசாமி இல்லை. அவள் அடுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களா?"

"சோறு ஆறுது. சாப்பிடு கண்ணு," என்றேன்.

அவள் தட்டைத் தொடவில்லை. கட்டிய துணியோடு போய்க் கீழே இறங்குகிற காளப்பநாயக்கன்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இரண்டு முறையும் தெரிந்தே தான்தான் மாத்திரை போட்டுக்கொண்டதாக அவள் உங்களிடம் சொன்னாளாம். நீங்கள் நம்பவில்லை. நம்ப வேண்டாம். தின்றபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முறையும் கொடுத்தது நான்தான்.

அவள் அந்தப் பொய்யைச் சொன்னது எனக்காகத்தான் என்பதைக் கவனித்தீர்களா. என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வராது. கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள். போவதற்கு அவளுக்கு வேறு எந்த இடத்தையும் நான் விட்டுவைக்கவில்லை.