குடைகள் கூரையான மழைக்காலம்

மழை பெய்யும் முன்னே மழையில் நனைந்தவரே! ஊரார் உலர்ந்து நடப்பதற்காக உள்ளறையில் ஈரத்தோடு நின்றவரே! தையலில் தப்பி வரும் ஒற்றைத் துளியையும் தலை தூக்கிப் பார்த்தே பிடித்துவிடும் கூர்ங்கண்ணரே! அன்பு பாதி, அதட்டல் பாதியாய் எங்களை ஆண்டவரே! எங்கள் மழையறையின் மகாராணியே! மாண்பும் மதிப்பும் நிறைந்த மழையக்கா அவர்களே!

வணக்கம்.

பணி நிறைவு நாளில் வாசிக்கும் மடலில் முதலில் குணங்களையும் பிறகு பணியின் சிறப்புகளையும் வரிசையாக அடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். எழுதியதைப் படித்துப் பார்த்தால் பொறுமை, நேர்மை, கடமை என்று யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தக்கூடிய சொற்களாகவே இருந்தன. கிழித்துப் போட்டுவிட்டோம். இன்னொரு சிக்கலும் இருந்தது. உங்களை நேருக்கு நேர் புகழ முடியாது. சென்ற ஆண்டு விழாவில் நம் கடையம்மா உங்களைப் பற்றி வாய் திறந்ததுமே, "ஐயோ, குழாயை மூடாம வந்துட்டேன்" என்று எழுந்து போனீர்கள். போனவர் திரும்பி வரவே இல்லை. ஆகவே இன்று கம்பி அண்ணன் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குழாய் மூடித்தான் இருக்கிறது. உட்காருங்கள்.

அதற்கும் மேல் ஒரு முன்னெச்சரிக்கையாக, இதை வேறு யாரோ ஒருவரின் கதையைப் போலச் சொல்கிறோம். எங்கேயாவது உங்களைப் போலவே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் ஒரு சின்னக் குடைப்பட்டறை இருந்தது. அதன் வாசல் பலகையில், 'இங்கே வாங்கும் ஒவ்வொரு குடையும் எங்கோ ஒரு கூரைக்குத் துணை' என்று எழுதியிருந்தது. பட்டறையை நடத்திய கடையம்மா அதைச் சும்மா எழுதி வைக்கவில்லை. குடை விற்று வரும் ஆதாயத்தில் ஆண்டுக்கு ஒரு கூரை போடுவார். பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு கூரை, பள்ளிக்கூடத்துக் குடிநீர்க் குழாய்க்கு மேல் ஒரு கூரை, காய்கறி விற்கும் பெண்கள் அமரும் ஓரத்தில் ஒரு கூரை என்று ஊருக்குள் ஆங்காங்கே நிழல் முளைத்துக்கொண்டே இருந்தது.

பட்டறையின் முன்பக்கம் துணி வெட்டும் மேசை, அதையடுத்துத் தையல் மிஷின்கள், சுவரோரமாகக் கம்பிக் கட்டுகள். எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் இருந்தது மழையறை. கருங்கல் தரை, மேலே துளையிட்ட குழாய்கள். குழாயைத் திறந்தால் வெளியே கொளுத்தும் வெயிலடித்தாலும் உள்ளே மழை பெய்யும். கட்டுக்கு ஒரு குடையை எடுத்து விரித்துக்கொண்டு அந்த மழைக்கு நடுவே, குடைகளைச் சோதிக்கும் ஓர் அம்மாள் அண்ணாந்து நிற்பார். கதவு லேசாகத் திறந்திருக்கும் நேரத்தில் பார்த்தால், வேறு ஏதோ உலகத்துத் தெருவொன்றில் யாருக்கோ காத்திருப்பவரைப் போல இருக்கும். பேசத் தோன்றாது. அவரே குழாயை மூடிவிட்டு வெளியே வந்து, "இந்தத் தையலை யார் தூங்கிக்கிட்டே போட்டது?" என்று கேட்கும்போதுதான் எல்லாரும் இந்த உலகத்துக்குத் திரும்புவார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு விசித்திரமான முறை உண்டு. எந்த இடத்தில் கூரை போடுவது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்ன இடத்தில், மழை பெய்யும்போது, குடை இல்லாமல் எல்லாரும் போய் நின்று பார்க்க வேண்டும். நனைந்த பிறகுதான் சம்மதம் என்று கை தூக்க வேண்டும். குடை செய்கிறவர்கள் குடையில்லாமல் கூட்டமாக நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஊரில் இல்லை.

ஓர் ஆண்டு அந்த அம்மாள் ஓர் இடத்தைச் சொன்னார். அவர் அதுவரை எந்த இடத்தையும் சொன்னதில்லை. பெரிய மருத்துவமனையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் திறந்த முற்றம் அது. காரணம் கேட்டதற்கு, "போய் நின்னு பாருங்க" என்றார்.

போய் நின்றார்கள். நல்ல மழை. வார்டிலிருந்து டயாலிசிஸ் கட்டடத்துக்கு நோயாளிகளை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வீல்சேர் தள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். குடை பிடிக்கக் கை மிஞ்சாது. மடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. வாழ்நாளெல்லாம் குடை செய்தவர்கள், குடையால் ஒன்றுமே செய்ய முடியாத ஓர் இடத்தை அன்றுதான் கண்டார்கள்.

தாழ்வாரத்திலிருந்து ஒரு நர்ஸ் சத்தம் போட்டார். "நீங்க குடைக்காரங்கதானே? ஆளுக்கு ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதா?"

"பிடிச்சா நனைய மாட்டோம் சிஸ்டர். நனையத்தான் வந்திருக்கோம்" என்றார் கம்பி மாட்டும் அண்ணன்.

"மனநல டாக்டர் இரண்டாவது மாடியில இருக்கார். அப்படியே பார்த்துட்டுப் போங்க."

திரும்பும் வழியிலேயே எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன.

அந்தக் கூரைக்காகவென்றே ஒரு புதுக் குடை செய்தார்கள். இளநீலத் துணி, அதில் வெள்ளை மேகங்கள். விரித்துப் பிடித்தால் கொட்டும் மழையிலும் தலைக்கு மேலே தெளிந்த வானம் தெரியும். அதைத் தீட்டிய சாயக்காரர் பாதி நாள் மேகம் வரைவதும் மீதி நாள் தான் வரைந்த மேகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பட்டறையே கனவில் மிதந்தது. 'வானக் குடை' என்ற பெயர் அதற்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குடைகள் விற்றதும் கூரை வேலை தொடங்கும், பெருமழைக் காலத்துக்குள் முடிந்துவிடும் என்று ஏற்பாடு.

அனுப்பும் நாள் காலை. கட்டுகள் வேனில் ஏறிவிட்டன. கடைசிக் கட்டு மட்டும் மழையறைக்குப் போக வேண்டும். அந்த அம்மாள் அன்று பட்டறையின் நீலச் சீருடையில் வரவில்லை. மருத்துவமனைக்காரர்கள் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். "உடுப்பு நனைஞ்சு போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குழாயைத் திறந்தார். வானக் குடையை விரித்தார். மேகங்களை அண்ணாந்து பார்த்தார். ஒரு துளியும் உள்ளே வரவில்லை. மனம் நிறைந்து குனிந்தவர், தன் தோளைப் பார்த்தார்.

தோள் நீலமாக இருந்தது.

குடையின் ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீரோடு வானமும் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. முன்பு அவர் பார்த்த கட்டுகளிலும் அது இறங்கித்தான் இருக்கும். ஆனால் அப்போதெல்லாம் அவர் போட்டிருந்தது நீலச் சீருடை, நின்றிருந்தது கருந்தரை. நீலச் சாயத்தை நீல உடுப்பில் சோதித்த புத்திசாலிகள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். பொறுத்தருள்க, 'அவர்கள் மட்டும்' என்று எழுதியிருக்க வேண்டும்.

வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார். "அக்கா, சரிதானே? எடுக்கட்டுமா?"

அந்த நேரத்தில் அவர் மனத்துக்குள் என்ன ஓடியது என்பதை வெகுநாள் கழித்து, தேநீர் குடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். கோட்டைத் துவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் கூரை வரும். அந்தக் கூரைக்காக அவரைவிட ஏங்கியவர் பட்டறையில் யாரும் இல்லை. குழாயை மூடாமல், கொட்டும் மழைக்குள் நின்றபடியே, எங்கோ ஒரு பெண் புதுச் சேலை கட்டிக்கொண்டு இந்தக் குடையை நம்பித் தெருவில் இறங்குவதை நினைத்துப் பார்த்தாராம்.

வெளியே வந்தார். "இறக்குப்பா."

"எதை?"

"எல்லாத்தையும்."

கடையம்மா ஓடிவந்தார். சாயக்காரர் அந்தத் தோளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "துண்டுத் துணியை நனைச்சுப் பார்த்தேனே அக்கா. போகலியே."

"எவ்வளவு நேரம் நனைச்சே?"

"கொஞ்ச நேரம்."

"மழை கொஞ்ச நேரந்தான் பெய்யும்னு உன்கிட்ட எழுதிக் கொடுத்துச்சா?"

வேறு கட்டுகளிலிருந்து குடை எடுத்து விரித்துப் பார்த்தார்கள். கோட்டின் முதுகும் நீலமானதுதான் மிச்சம். கூரை அந்த ஆண்டு வராது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

பேச்சை மாற்ற நினைத்துக் கம்பி அண்ணன் கேட்டார். "அது இருக்கட்டும். நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?"

"காலையில அவரைத் தள்ளிக்கிட்டுப் போகும்போது நனைஞ்சுட்டேன். சிஸ்டர் கொடுத்தாங்க."

"யாரை? எங்கே?"

"என் வீட்டுக்காரரைத்தான். நம்ம முற்றத்துலதான்."

அப்போதுதான் தெரிந்தது. மழைநாளில் அந்த முற்றத்தை ஓடிக் கடந்தவர்களில் அவரும் ஒருவர். கணவரை வார்டிலிருந்து அந்தக் கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அன்று காலை முற்றத்தில் பெய்த மழைதான் அவருக்கு அந்த வெள்ளைக் கோட்டைக் கொடுத்தது. நனையாமல் வந்திருந்தால் சீருடையோடு நின்றிருப்பார், வேனும் போயிருக்கும்.

"ஏன் அக்கா சொல்லல?" என்றார் கடையம்மா.

"சொன்னா எனக்காகக் கை தூக்குவீங்க. மழையில நின்னு பார்த்துத் தூக்கணும்ங்கிறதுதானே நம்ம முறை?"

ஓரம் தைக்கும் தங்கை இறக்கி வைத்த குடைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலேயே அதிகம் பேசாதவள் அவள்தான். "விக்கத்தானே கூடாது? பிடிக்கலாம்ல?" என்றாள்.

"சாயம் ஒழுகுமே."

"நம்ம உடுப்புதான் நீலமாச்சே. ஒழுகினா யாருக்குத் தெரியும்?"

மறுநாள் காலை பெய்த மழையை அந்த மருத்துவமனை இன்னும் மறக்கவில்லை. முற்றத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீலச் சீருடைக்காரர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். ஆளுக்கு இரண்டு கை, கைக்கு ஒரு குடை. குடையோடு குடை ஓரம் தொட்டு, இரண்டு வரிசைக்கும் நடுவே நீளமாக ஒரு வானம் விரிந்தது. அந்த வானத்துக்குக் கீழே வீல்சேர்கள் போயின. அன்று சத்தம் போட்ட அதே நர்ஸ் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். "இன்னிக்காவது குடையோட வந்தீங்களே" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, பார்க்காததுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் வழக்கம்போல ஓடத்தான் தொடங்கினார். வண்டியில் இருந்த கணவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா தள்ளு. என்ன அவசரம்?"

அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் மேகம் மேகமாக நகர்ந்தது. "மழை நாள்ல வானம் இவ்வளவு தெளிவா இருந்து நான் பார்த்ததே இல்லடி" என்றார். மறுகரை சேர்ந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு நீலப் பொட்டுகள். "துவைச்சுடாதே. ஒட்டின வானம் அப்படியே இருக்கட்டும்."

அந்த மழைக்காலம் முழுவதும் பட்டறை தாமதமாகத்தான் திறந்தது. முறை வைத்துக்கொண்டு போய் நின்றார்கள். கை வலித்தது. சாயக்காரர் மட்டும் யாருக்கும் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. நாளாக ஆக நீலம் கரைந்து, மேகங்களும் கரைந்து, கடைசியில் குடைகள் வெறும் வெள்ளையாகிவிட்டன. அடுத்த ஆண்டு சாயம் போகாத சாம்பல் நிறக் குடைகள் விற்று அந்த முற்றத்துக்குக் கூரை வந்தது. கூரையின் உள்பக்கத்தில் சாயக்காரர் ஏணி போட்டு ஏறி மேகம் வரைந்தார். இந்த முறை பெயின்ட்டில்.

அன்று முதல் மழையறைக்குள் போகிறவர் வெள்ளைக் கோட்டுத்தான் போட வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். மருத்துவமனைக்குப் புதுக் கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நீலத் தோள் கொண்ட பழையது மழையறைக் கதவின் ஆணியில் இன்னும் தொங்குகிறது.

கதை முடிந்தது, அக்கா. இனிமேல் அது வேறு யாரோ என்று உங்களால் சாதிக்க முடியாது. மாமா முன்வரிசையில் அந்த நீலப் பொட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

உங்கள் பணியின் பெருமையை இந்த ஒரு கதையில் அடக்கிவிட்டோமா, பாதியைக் கோட்டை விட்டுவிட்டோமா என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான். ஊரில் உலர்ந்த ஒவ்வொரு தலைக்கும் பின்னால், மழையறையில் நனைந்த உங்கள் தலை இருக்கிறது. நீங்கள் உடலில் வலுவோடும் உள்ளத்தில் குளிர்ச்சியோடும் நெடுங்காலம் வாழ வேண்டும்! மாமாவின் கேலியும் உங்கள் அதட்டலும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் உங்கள் வீட்டை நிறைக்க வேண்டும்! நீங்கள் நடக்கும் வழியெல்லாம் நிழல் முந்திக்கொண்டு வந்து காத்திருக்க வேண்டும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மடலை வாசித்து முடித்ததும் நாங்கள் எழுந்து வெளியே போவோம். கோபித்துக்கொண்டு போவதாக நினைக்க வேண்டாம். இந்த அறை வாசலிலிருந்து தெருமுனை வரை இரண்டு வரிசையாக, வெளுத்துப்போன அந்தக் குடைகளோடு நிற்போம். வெளியே மழை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மாமாவின் வண்டியைக் கம்பி அண்ணன் தள்ளுவார்.

நீங்கள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, மெதுவாக நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
இனி மழையறைக் குழாயை மறக்காமல் மூடப்போகும்,
குடைப்பட்டறைப் பணியாளர்கள்