முடியாதுன்னு சொல்லாத கடைக்காரன்

இல்ல சார், உக்கார மாட்டேன். உக்காந்தா கோவம் எறங்கிப் போயிரும், எனக்கு இன்னைக்குக் கோவம் வேணும். மழைக்கு முந்தி உங்க கடைல ஒருத்தன் நின்னான்லா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கழுத்துல கார்டு தொங்கவிட்டுக்கிட்டு, அவன் என்னை ஏமாத்திட்டான். பேரு தெரியாது. பேரு கேக்க அளவுக்கு அவன் என்கிட்ட நிக்கவே இல்லையே. எப்படி ஏமாத்தினான்னா, நான் கேட்ட விலைக்குக் குடுத்துட்டான் சார்.

சிரிக்காதீங்க. போர்டுல பத்ரிநாராயணன்னு போட்டிருக்கே, அது நீங்கதான? அப்போ நீங்கதான் கேக்கணும். நான் ஏஞ்சலம்மாள். தாராவில பிளாஸ்டிக் பங்கார் கோடவுன் வச்சிருக்கேன். உடைஞ்ச பக்கெட்டு, ஷாம்பு டப்பா, பழைய டிவி முதுகு எல்லாம் வாங்கி, பிரிச்சு, அரைச்சு விக்கவ. இந்தத் தொழில எனக்குச் சொல்லிக்குடுத்தவன் எவனும் இல்ல, ஏமாத்தினவன்தான் நிறைய. அவனுவகிட்டயே படிச்சேன். எங்க வழக்கம் என்ன தெரியுமா? ஒருத்தன் விலை சொல்லுவான். நான் அதுல பாதிக்குக் கேப்பேன். அவன் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, ஏன்மா என் புள்ளைகுட்டிய பட்டினி போடச் சொல்லுதியான்னு கேப்பான். நான் எறங்கி நடப்பேன். தெருமுக்கு திரும்புததுக்குள்ள அவன் கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் அதுக்குப் பேரு விலை. உங்க ஆளு என்னடான்னா, நான் பாதின்னு வாயத் தொறந்ததும் ஓகே மேடம்ங்கான். ஓகே மேடமாம். எறங்கி நடக்கதுக்குக் கால ஒண்ணு தூக்கிட்டேன் சார், அத எங்க வைக்கன்னு தெரியாம நின்னேன்.

ஆமா, கேமுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. காரு ஓட்டுத கேமு. பேரனுக்கா? பேரனுக்கு நான் எங்க போவேன். எனக்குத்தான். நான்தான் ஓட்டுதேன். ஏன், பாண்டுப் வரைக்கும் டெம்போல மால் ஏத்திப் போறவ இதுல காரு ஓட்டக்கூடாதா?

இந்த வாரம் முடியுததுக்குள்ள இது ஒழுங்கா ஓடணும் சார். ஞாயித்துக்கிழமை காலைல ஒருத்தன் வருவான். இங்க இல்ல, இதுக்குள்ள. ஊதா கலர் காரு. அவன் வாரப்ப இது நின்னு போச்சுன்னா எல்லாம் போச்சு. அதுக்குத்தான் மானிட்டரோட சேத்து டாக்ஸில மடில வச்சுக் கொண்டாந்திருக்கேன்.

லிஸ்டா? பாத்தேன், நல்லாவே பாத்தேன். இஜாஸ்னு ஒரு பையன் எங்க பக்கத்துல மொபைல் ரிப்பேர் பாக்கான், அவன்தான் இந்தக் கேமு ஓட பெட்டிக்குள்ள என்னென்ன இருக்கணும்னு கேம்காரன் போட்ட லிஸ்ட போன்ல காட்டினான். இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியும். பக்கெட்டுக்கு அடில முக்கோணம் போட்டு பிபி, எல்டிபிஈன்னு குத்தியிருப்பாம்லா, அதுல படிச்சதுதான். லிஸ்டுல என்ன போட்டிருக்கான்? மினிமம்னு ஒண்ணு, ரெக்கமெண்டட்னு ஒண்ணு. பாத்ததுமே எனக்கு விளங்கிட்டு. ரெண்டு ரேட்டு சொல்லுதவன் ரெண்டையும் ஏத்தித்தான் சொல்லியிருப்பான். மேல பதினாறு ஜிபி ரேமு, கீழ எட்டுன்னா, நெசமான ரேட்டு நாலுதான். இது தெரியாமலா நான் இத்தன வருசம் தொழில் பண்ணுதேன்?

அதான் வந்து நாலு குடுன்னேன். ஓகே மேடம். கிராபிக்ஸ் கார்டு இன்னதுன்னு போட்டிருந்துச்சு, நான் அதுக்கு அப்பன் காலத்துக் கார்டு இருந்தாக் குடுன்னேன். ஓகே மேடம். எஸ்எஸ்டி வேணும்னு இருந்துச்சு, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவாச் சுத்துத பழைய டிஸ்க்க மாட்டுன்னேன். அதுக்கும் ஓகே. கேமோட எடை நூத்துச் சொச்சம் ஜிபியாம். நான் என்ன கேட்டேன்? மலை வேண்டாம், கடல் வேண்டாம், பனி பெய்யுத இடம் எனக்கு எதுக்கு, அதெல்லாம் கழட்டிட்டு ரோட்ட மட்டும் எடை போடுன்னேன். நாங்க பாட்டில் எடை போடுததுன்னா மூடியக் கழட்டி, லேபிள உரிச்சிட்டுத்தான போடுதோம்? அதுக்கு மட்டும் அவன் முடியாதுன்னான். அத மட்டும் எதுக்குச் சொன்னான் சார்? அந்த ஒரு முடியாதுல எனக்கு அவன் மேல மதிப்பே வந்துட்டு. அத ரேமுக்குச் சொல்லியிருந்தான்னா நான் இன்னைக்கு இங்க நிப்பேனா?

மாட்டுங்க, அந்த வயர மாட்டுங்க. தொடச்சிட்டுத்தான் கொண்டாந்தேன், ஆனா கோடவுன் தூசி எப்படியும் உள்ள போயிருது. பாருங்க. வருது... இன்னும் வருது. இதுக்குள்ள நான் ஒரு உலை வச்சிருவேன். இந்தா வந்துட்டு. இதுதான் என் காரு, மஞ்சள். ரோடு எங்கங்கீங்களா? வரும் சார், காரு முன்னால போகும், ரோடு பின்னால வரும். அந்த மரம் அந்தரத்துல நிக்குதுல்லா, அதுக்கு வேரு வாரதுக்குள்ள நாம அடுத்த ஊருக்குப் போயிருவோம். எதுத்தாப்புல வாரது பஸ்ஸு. சக்கரம் இல்லாமத்தான் வரும். ஆரம்பத்துல நான் கேமே இப்படித்தான்னு நினைச்சேன். பறக்க பஸ்ஸு போல, வெளிநாடுலான்னு.

ஏன் நின்னுட்டேனா? சிவப்பு லைட்டு சார். இதுல நிக்கவேண்டாம்னு எனக்கும் தெரியும். இடிச்சாலும் போலீசு கிடையாது, கூட்டம் கூடுதது கிடையாது. எங்க வேணும்னாலும் போகலாம், ரேஸுக்கு வரலன்னாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆனாலும் சிவப்பப் பாத்துட்டு எப்படிப் போறது? அந்த ஊதா காருக்காரனும் முதல்ல கேட்டான், ப்ரோ, ஏன் எல்லா சிக்னல்லயும் நிக்கன்னு. என்னை ப்ரோங்கான். இதுல என் பேரு ஜம்பு. கேம் பேரு கேட்டப்ப, எங்க கோடவுன்ல எடை போடுதவன் பேரப் போட்டு வச்சேன். ஊதா காருக்காரன் எழுதுதது இந்தி, ஆனா எழுத்து இங்கிலீசு. நான் ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சிருவேன். திருப்பி எழுத வராது, அதான் ஹாரன். ஆமான்னா ஒரு ஹாரன், இல்லன்னா ரெண்டு. அவனே வச்ச கணக்கு. வாய் பேசாத பையன்னு நினைச்சிருக்கான். ரொம்ப நல்லவன் சார். நான் பின்தங்கினா வளைவுல நின்னு காத்திருப்பான். ரோடு வராம நான் பள்ளத்துல விழுந்தா, திரும்பி வந்து லைட்ட அடிச்சுக் காட்டுவான், இந்தப் பக்கம் வான்னு.

சர்ச்சுல ஃபாதர் கேட்டாரு, என்ன ஏஞ்சலம்மா, ஞாயித்துக்கிழமை காலைப் பூசைல ஆளையே காணலன்னு. காரு ஓட்டப் போறேன் ஃபாதர்னேன். அவரு நான் டிரைவிங் கிளாஸ் போறதா நினைச்சுக்கிட்டு, கண்ணாடில தொங்கவிட ஒரு ஜெபமாலை குடுத்திருக்காரு. இந்தா, மானிட்டர்லதான் தொங்குது. அதக் கழட்டிராதீங்க.

போன வாரம் என்ன ஆச்சு, சொல்லுதேன். ஒரு பாலம் உண்டு, அதுல ஊதா கார நிப்பாட்டினான். நானும் பக்கத்துல நிப்பாட்டினேன். நிப்பாட்டதே எனக்குப் பெரும்பாடு, ஒரு தடவ தண்ணிக்குள்ள போயிட்டுத்தான் வந்தேன். அவன் எழுதுதான். ப்ரோ, யாருகிட்டயும் சொல்லல, உங்கிட்டதான் சொல்லுதேன், நான் அப்பா ஆகப்போறேன். மார்ச்சுல. அப்புறம் எழுதுதான், மம்மிகிட்ட இன்னும் சொல்லல ப்ரோ, பயமா இருக்கு. மார்ச்சுன்னு சொன்னா, மம்மி டிசம்பருக்கே குடுன்னு பேரம் பேசும்.

நீங்க சிரிக்கீங்க. எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. கேட்டிருப்பேன் சார், பொய் சொல்லல. டிசம்பர்னுதான் கேட்டிருப்பேன்.

ஆமா, என் மகன்தான். சாஜன். கனடால இருக்கான். ஊதா காரு அவன்தான். ஜம்பு யாருன்னு அவனுக்குத் தெரியாது. போன்ல எங்க பேசுதான்? பிஸிம்மா, அப்புறம் பேசுதேன்மா, கட்டவிரல் படம் ஒண்ணு அனுப்பிட்டா முடிஞ்சுது. ஒரு தடவ வாய்விட்டே சொல்லிட்டான், உங்கிட்ட பேசினா மார்க்கெட்டுல நிக்க மாதிரி இருக்கும்மா, அடுத்த வருசம் வாறேன்னா நீ இந்த வருசம்ங்க, பத்து நாள்னா ஒரு மாசம்ங்கன்னு. பின்ன என்ன செய்ய சார்? பெத்த புள்ள பத்து நாள்னு சொன்னதும் ஓகேன்னு சொன்னா, நீ வந்தா என்ன வராட்டி என்னன்னு சொன்ன மாதிரி ஆகாதா? வேணும்னு நினைக்க பொருளுக்குத்தான நின்னு பேசுவோம்? அவனுக்கு அது விளங்கல. இஜாஸும் அவனும் ஒண்ணாப் படிச்சவனுவ. இஜாஸ்தான் சொன்னான், ஆன்ட்டி, சாஜன் எங்கயும் போயிரல, வாரா வாரம் இதுலதான் சுத்துதான்னு. எங்க இருக்கான்னு தெரிஞ்ச பொறவு நான் சும்மா இருப்பேனா? இஜாஸ்கிட்ட ஒரு வார்த்தை வெளிய விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, நேரா உங்க கடைக்குத்தான் வந்தேன்.

போன் பண்ணி நானே சொல்லிரலாமாவா? நல்லாச் சொன்னீங்க. ஜம்பு நான்தான்னு தெரிஞ்சா அவன் அந்தக் காரையும் போட்டுட்டு ஓடிருவான். உலகத்துலயே இந்தப் பாலம் ஒண்ணுலதான் அவன் என் பக்கத்துல அசையாம நிக்கான்.

கேளுங்க, இன்னும் முடியல. கடைசியா எழுதினான். நீ சொல்லு ப்ரோ, மம்மிக்குப் போன் பண்ணட்டா? பண்ணுன்னா ஒரு ஹாரன் அடி.

நான் அடிச்சேன். அந்தப் பட்டன் உள்ள போற அளவுக்கு அடிச்சேன். படம் அப்படியே நின்னு போச்சு. அவன் காரு நிக்கி, என் காரு நிக்கி, காக்கா ஒண்ணு அந்தரத்துல நிக்கி. சத்தம் மட்டும் வரவே இல்ல. திரும்ப ஆன் பண்ணி, அது மெதுவா முழிச்சு வாரதுக்குள்ள பாலத்துல ஆளக் காணோம். அவன் என்ன நினைச்சிருப்பான்? ப்ரோ வேண்டாம்னுட்டான்னு நினைச்சிருப்பான். அன்னைலேருந்து என் போன் அடிக்கல.

ஞாயித்துக்கிழமை வருவான். திரும்பக் கேப்பான், எனக்குத் தெரியும், அவன் எதையும் ரெண்டு தடவ கேக்கவன். அப்போ ஹாரன் கேக்கணும்.

அதுக்கு நீங்க செய்யவேண்டியது இதுதான். அந்தக் கண்ணாடிக்காரன் எங்க இருந்தாலும் கூப்பிடுங்க. லீவுல இருந்தாலும் பரவாயில்ல, வீடு செம்பூர்ல இருந்தாலும் நானே டாக்ஸி அனுப்புதேன். லிஸ்டுல கேம்காரன் என்ன போட்டிருக்கானோ, மேல இருக்க ரெக்கமெண்டட், அத அப்படியே இதுல மாட்டச் சொல்லுங்க. விலை அவன்தான் சொல்லணும். நான் பாதிக்குக் கேப்பேன் சார். கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுக்க எனக்குத் தைரியம் இல்ல, என் வாய் என் பேச்சக் கேக்காது. நான் கேட்டதும் அவன் முடியாதுன்னு சொல்லணும். நான் கத்தினாலும், இந்த கிங்ஸ் சர்க்கிள் ஏரியா முழுக்கக் கேக்குத மாதிரி கத்தினாலும், எறங்கித் தெருமுக்கு வரைக்கும் நடந்தாலும், முடியாதும்மான்னு சொல்லிட்டு நின்ன இடத்துலயே நிக்கணும். அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இன்னைக்காவது வந்து சொல்லிட்டுப் போகட்டும். போன் போடுங்க அவனுக்கு. நான் நிக்கேன்.