மூன்றாந்தடவை கேட்ட பூ

மதிப்புக்குரிய தலைவர் காத்தமுத்து ஐயா அவர்களே, நம் மாரியம்மன் கோவிலைக் கட்டிக் காத்துவரும் பெரியோர்களே, இரத்தினபுரி பஜாரில் கராஜை மூடிவிட்டு வந்திருக்கும் நுஹ்மான் நானா அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மதகின் மேல் இடம் பிடித்திருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் என் தலை குனிந்த வணக்கம்.

தலை குனிவது மரியாதைக்காக மட்டுமல்ல. வெட்கத்தாலும்தான்.

இது வெற்றி விழாவுக்குப் போட்ட பந்தல். வெற்றி விழாவுக்குச் சொல்லிவைத்த மைக் செட். பந்தல் வந்தது, மைக் வந்தது, மாலை வந்தது. வெற்றி ஒன்றுதான் வரவில்லை. சிரிக்கலாம் தம்பிமாரே, சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கலவானவில் நடந்த மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஊரே சிரித்தது, நீங்கள் சிரித்தால் என்ன?

நம் இளைஞர் கழகம் ஒரு பழைய மினி காரை எடுத்தது. நுஹ்மான் நானா ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரைக் கொடுத்தார். காற்றை அடித்து அடித்து எஞ்சினுக்குள் திணிக்கிற பம்ப் அது. தெரிவு ஓட்டத்தில் எல்லா ஆண்களையும் முந்தி ஏறியவர் நம் கழகத்துப் பிள்ளை ஷாமிளா. சாவி அவர் கைக்குப் போனது. கார் இருந்தது, காற்று இருந்தது, கை இருந்தது. இல்லாமல் போனது எது?

சரியான கேம் ஷாஃப்ட். வால்வு என்னும் கதவு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடும் தண்டு. நமக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று பந்தயத் தண்டு. காற்று வரும் கதவையும் புகை போகும் கதவையும் நெடுநேரம் ஒன்றாகத் திறந்துவைக்கும். நின்ற இடத்திலேயே கார் குலுங்கும், கர்ஜிக்கும். மற்றது அமைதியான தண்டு. அது ஒரு கதவைத் திறக்குமுன் மற்றதை ஏறக்குறைய மூடிவிடும். அதனோடு, வால்வை அழுத்தும் ரொக்கரையும் நீளமானதாகப் போட்டால், கதவு கொஞ்ச நேரமே திறந்தாலும் அகலமாகத் திறக்கும்.

தானாக மூச்சு இழுக்கும் எஞ்சினுக்குப் பந்தயத் தண்டு நல்லது. காற்றைத் திணிக்கும் எஞ்சினுக்கு? முன்வாசலால் அள்ளிக் கொட்டுவதைப் பின்வாசலால் வழித்து எறிவதா? எஞ்சின் புத்தகங்களை வாசித்து இதையெல்லாம் சொல்வது என் பொறுப்பு. கழகக் கூட்டத்தில் சொன்னேன். "டீச்சர், சத்தம் வராட்டி பந்தயக் காருன்னு எவன் நம்புவான்?" என்றார்கள். ஆளுக்கொரு பேச்சு, பேச்சுக்கொரு சண்டை. கடைசியில் என்ன செய்தோம்? அம்மனிடம் பூக் கேட்கப் போனோம்.

வெள்ளைப் பூ அமைதியான தண்டுக்கு, சிவப்புப் பூ கர்ஜிக்கிற தண்டுக்கு. இரண்டையும் இலையில் மடித்துக் கட்டி, சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். வந்தது வெள்ளை.

அங்கே முடிந்ததா? "தப்புச் சத்தத்துல ஆத்தாவுக்குச் சரியா கேட்டிருக்காது" என்றார் ஒருவர். தப்பு மேளத்தை நிறுத்தி மறுபடி கேட்டோம். மறுபடியும் வெள்ளை. "கொழந்த ஒரே கையால எடுக்குதுங்க, கைய மாத்தச் சொல்லுங்க!" கையை மாற்றினோம். சிவப்பு வந்தது. உடனே குலவை, உடனே கைதட்டல். உங்களோடு நானும் தட்டினேன். அம்மனிடம் நாம் கேட்டது வழியையா, சம்மதத்தையா?

என்ன இருளாயி அக்கா? "அப்பவே நான் சொன்னேன்" என்கிறீர்களா? குலவையை ஆரம்பித்ததே நீங்கள்தானே அக்கா! பரவாயில்லை, உட்காருங்கள்.

பந்தயத்தில் கார் கர்ஜித்தபடி கிளம்பியது. நமக்கு உச்சி குளிர்ந்தது. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும், திணித்த காற்றெல்லாம் புகைக் குழாயால் போனது. ஷாமிளா கியரை இறக்கினார். திரும்ப மிதித்தார். கார் இருமியது, விக்கியது, நின்றது. "நங்கி, தல்லு கரன்னத?" தங்கச்சி, தள்ளிவிடவா என்று சிங்களத்தில் ஒருவன் கத்த, மலையே சிரித்தது.

அவர்கள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. நாம் பேசியதுதான் வலிக்கிறது. "பொம்பளப் புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான்." யார் சொன்னது? அயலாரா? நாம். லொறியில் திரும்பி வரும்போது, அந்தப் பெண் காது கேட்க, அவருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு. "ஏன் ஐயா, நான் என்ன தப்பா மிதிச்சேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாவியக் குடு" என்று தலைவர் கை நீட்டினார். கொடுத்துவிட்டார்.

தண்டைத் தேர்ந்தது யார்? நாம். தெய்வத்தை மூன்று தடவை கேட்டது யார்? நாம். கொண்டை ஊசி வளைவில் தனியாக நின்றது யார்? இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டிலும், நம் ஆசையின் பழியைச் சுமக்க நமக்கு ஒரு பெண்தானா வேண்டும்?

புதன்கிழமை நுஹ்மான் நானா எஞ்சினைப் பிரித்து அமைதியான தண்டைப் போட்டார், நீளமான ரொக்கரைப் போட்டார். கலவான வளைவுக்கே கொண்டுபோய் ஏற்றிப் பார்த்தார். "சத்தமே இல்ல டீச்சர். ஆனா ஏறுது, ஏறிக்கிட்டே இருக்குது" என்றார். கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள். தண்டை மாற்றினோம், ரொக்கரை மாற்றினோம். பேசிய பேச்சை மாற்றினோமா? அடுத்த மாதப் பந்தயத்துக்கு வேறு ஆள் தேடுகிறோமாம். ஏன்? குற்றம் இல்லையென்று தெரிந்த பிறகும் தண்டனை ஏன்?

ஷாமிளா அதோ, பந்தலுக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்றார். வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைவர் எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியையும் எடுத்துவிட்டார். நன்றி ஐயா. ஆனால் மைக்குக்கு வர வேண்டாம் ஐயா. எங்களுக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படி அந்தப் பக்கம் இருக்கிறது. வழி விடுங்கள் தாய்மாரே, ஐயா இறங்கி அந்தப் பிள்ளையிடம் போகட்டும். பின்னால் ஒவ்வொருவராக நாமும் போவோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. என் முதல் வணக்கத்தை உங்களுக்குச் சொன்னேன். கடைசி வணக்கம் அவருக்கு. ஷாமிளா, வணக்கம்.